சீதன வீடும் பராஇழ் கணக்கும்

வாவிக்கரை ஊர்களில் ஒருவருடைய சொத்து யாருக்குப் போகும் என்பது அவருடைய ஜனாஸாவுக்குப் பிறகு தீர்மானிக்கப்படுவதில்லை. அதில் பெரும்பகுதி மகள்மாரின் நிக்காஹ் பேசும்போதே முடிந்துவிடுகிறது. ஏறாவூரானாலும் காத்தான்குடியானாலும், தெற்கே மருதமுனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று போனாலும் கதை ஒன்றுதான். பெண் பிள்ளை பிறந்த வீட்டில் வாப்பா கல்லுக்கும் சீமெந்துக்கும் கணக்குப் பார்க்கத் தொடங்குவார். மகள் பெரியவளானதும் உம்மா தன் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் இன்னொரு சின்ன வீட்டுக்கு நகர்ந்துகொள்வார். அடுத்த மகளுக்கு அதுவும் போகும். கடைசி மகளோடு உம்மாவும் வாப்பாவும் ஒட்டிக்கொள்வார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் தன் உம்மாவின் வளவை விட்டுப் போவதில்லை.

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. இங்கே குடி என்பது தாய்வழியாக வருவது. பள்ளிவாசலில் மரைக்காயர்மாரைத் தெரிவு செய்வதில்கூட குடி பார்க்கப்பட்டது. இதே கரையில் வாழும் தமிழ் மக்களிடமும் தாய்வழிக் குடியும், வீடு மகளுக்குப் போகும் வழக்கமும் இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். மட்டக்களப்பின் முக்குவர் சட்டத்தைப் பற்றி கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் ஒரு நூலே எழுதினார். அந்தச் சட்டப்படி முதுசச் சொத்து தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் பிள்ளைக்குப் போகும். அந்தச் சட்டம் இன்று நீதிமன்றில் இல்லை. ஆனால் வளவு மட்டும் இன்னும் தாயிடமிருந்து மகளுக்கே போய்க்கொண்டிருக்கிறது.

உயர்தர வகுப்பில் இஸ்லாம் பாடத்தில் பராஇழ் கற்பிக்கும்போது நான் எப்போதும் ஒரே உதாரணத்தைத்தான் எடுப்பேன். ஒரு வாப்பா மௌத்தாகிறார். அவருக்கு மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்மார். பெற்றோர் இல்லை. கடனும் வஸிய்யத்தும் இல்லை. படுவான்கரையில் 8 ஏக்கர் வயல் இருக்கிறது. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டிலொன்று: 1 ஏக்கர். மிச்சம் 7 ஏக்கரில் ஆணுக்குப் பெண்ணின் இரு பங்கு. ஆகவே மகனுக்கு 3½ ஏக்கர், மகள்மாருக்கு ஆளுக்கு 1¾ ஏக்கர். கணக்கு அழகாக முடிந்துவிடும். பிள்ளைகள் கொப்பியில் கோடு கீறிவிடுவார்கள்.

சென்ற வருடம் பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: “டீச்சர், எங்கட ஊருல வூடெல்லாம் பொம்புளப் புள்ளைக்குத்தானே போகுது. அப்ப இந்தக் கணக்கு ஆருக்கு?”

வகுப்பு சிரித்தது. எனக்கு அந்தக் கேள்வி சிரிப்பாகப் படவில்லை. வீடு ஏற்கனவே போய்விட்டது. பராஇழுக்கு மிஞ்சியது வயல் மட்டும்தானே! அல்லாஹ் வகுத்த பங்கை நம் ஊர் வழக்கம் சுற்றிக்கொண்டு போகிறதா? அல்லது மார்க்கம் அனுமதித்த வேறொரு வாசலால் போகிறதா? இதைத் தேடி வாசித்தபோதுதான், நம்மைப் போலவே வேதச் சட்டத்தின்கீழ் வாழும் இன்னொரு சமூகமும் இதே முடிச்சோடு பல நூறு வருடங்கள் மல்லுக்கட்டியிருப்பதைக் கண்டேன். அவர்கள் யூதர்கள். அவர்களுடைய சிக்கல் நம்முடையதன் மறுபக்கம் போன்றது. அதைப் பார்த்த பிறகு நம்முடையது எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

தவ்ராத்தின் ஐந்து சகோதரிகள்

தவ்ராத்தில், தமிழ் வேதாகமத்தில் எண்ணாகமம் என்று வரும் பகுதியில், செலோபியாத் என்பவருடைய ஐந்து மகள்மாரின் செய்தி இருக்கிறது. தகப்பன் வனாந்தரத்தில் இறந்துவிட்டார். ஆண் பிள்ளை இல்லை. காணி பங்கிடப்படும் நேரத்தில் ஐந்து பேரும் மூஸா (அலை) அவர்களின் முன்னால் வந்து நிற்கிறார்கள். எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை என்பதற்காக அவருடைய பெயர் ஏன் அழிய வேண்டும், எங்களுக்கும் காணி வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது சரி என்று தீர்ப்பு வருகிறது. மகன் இல்லையென்றால் மகள் வாரிசு என்ற சட்டம் அங்கிருந்து பிறக்கிறது. பிறகு அதே கோத்திரத்து ஆண்கள் வந்து, இவர்கள் வெளியே திருமணம் செய்தால் எங்கள் காணி வேறு கோத்திரத்துக்குப் போய்விடுமே என்று முறையிட, தங்கள் கோத்திரத்துக்குள்ளேயே மணமுடிக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்படுகிறது.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு உடனே ஸஃத் இப்னு ரபீஃ (ரழி) அவர்களின் மனைவி நினைவுக்கு வரவேண்டும். உஹதில் கணவர் ஷஹீதான பிறகு, இரண்டு மகள்மாரையும் கூட்டிக்கொண்டு அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். பிள்ளைகளின் சாச்சா சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார், சொத்தில்லாத இவர்களை யார் கட்டுவார் என்று முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. மகள்மார் இருவருக்கும் மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டிலொன்று, மிச்சம் சாச்சாவுக்கு என்று தீர்ப்பானது. இரண்டு வேதங்களிலும், இறந்தவரின் வீட்டிலிருந்து பெண்கள் எழுந்து வந்து கேட்ட பிறகுதான் சட்டம் வருகிறது. கேட்பது அடக்கமின்மை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் ஒருதரம் பார்க்கட்டும்.

ஆனால் சட்டங்கள் ஒன்றல்ல. யூதச் சட்டத்தில் மகன் இருந்தால் மகளுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. மேலே சொன்ன 8 ஏக்கரும் அங்கே மகனுக்கே போகும். மகன் இருவர் என்றால் சொத்தை மூன்றாக்கி, தகப்பனின் மூத்தவனுக்கு இரண்டு பங்கு. மனைவி வாரிசே அல்ல. திருமண ஒப்பந்தமான கெத்துபாவில் எழுதிய தொகையும் பராமரிப்பும் அவளுக்கு உண்டு. மகள்மாருக்கு வளரும்வரை சாப்பாடும், திருமணத்துக்குச் சீதனமும் அந்தச் சொத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும். மனைவி இறந்தாலோ, கணவன் அவளுடைய வாரிசாவான். நமக்கு 1400 வருடங்களுக்கு முன்பே கிடைத்த பங்கின் அருமை இதைப் பார்க்கும்போது விளங்கும்.

இப்படிப்பட்ட சட்டத்தை வைத்துக்கொண்டு மகள்மீது பாசமுள்ள ஒரு யூதத் தகப்பன் என்ன செய்வான்? மரணசாசனம் எழுதி மாற்ற முடியாது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு இல்லை என்று ஒருவன் சொன்னால் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இல்லை. அது வேதத்தில் எழுதப்பட்டதை மாற்றுவது. ஆனால் அதே ஆள் ‘வாரிசுரிமை’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘அன்பளிப்பு’ என்று சொன்னால் அது செல்லும். உயிரோடு இருப்பவன் தன் பொருளை யாருக்கும் கொடுக்கலாம். இறந்தவனால் கொடுக்க முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தின்மேல்தான் அவர்களுடைய முழு ஏற்பாடும் நிற்கிறது.

ஆனால் இன்றைக்கே கொடுத்துவிட்டால் கொடுத்தவர் எங்கே குடியிருப்பது? அதற்கும் ஒரு வாசகம் வைத்தார்கள்: “இன்றிலிருந்தும், என் மரணத்துக்குப் பின்னும்” என்று எழுத வேண்டும். சொத்தின் உடல் இன்றே பிள்ளைக்குச் சொந்தம். அதன் பலன் கொடுத்தவர் மௌத்தாகும்வரை கொடுத்தவருக்கு.

நடுக்கால ஐரோப்பாவில், ஜெர்மனி, போலந்து பக்கத்து யூதர்கள் இன்னொரு வழியும் கண்டார்கள். இது எனக்கு மிகவும் பிடித்தது. மகளின் திருமணத்தின்போது தகப்பன் அவளுக்குப் பெரிய கடன்பட்டிருப்பதாக ஒரு பத்திரம் எழுதிக் கொடுப்பார். அந்தக் கடன் அவர் மரணிப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு இறுக்க வேண்டியதாகிவிடும். கூடவே ஒரு நிபந்தனை: மகன்மார் அவளுக்கு ஓர் ஆணின் பங்கில் அரைவாசியைக் கொடுத்தால் கடன் ரத்து. கடனோ சொத்தைவிடப் பெரியது. பிறகென்ன, காக்கா தம்பிமார் அரைப் பங்கைக் கொடுத்துவிடுவார்கள். ‘அரை ஆண் பத்திரம்’ என்றே அதற்குப் பெயர். 16ஆம் நூற்றாண்டில் கிராகோவில் இருந்த ரப்பி மோஷே இஸ்ஸர்லெஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சுற்றிச் சுற்றி அவர்கள் வந்து சேர்ந்தது ஆணில் பாதி. நம் வகுப்பில் பிள்ளைகள் நேரடியாகவே அறியும் அதே கணக்கு!

இவ்வளவு வசதி செய்து கொடுத்த யூத அறிஞர்கள் ஓர் எச்சரிக்கையையும் விட்டுவைத்தார்கள். மகன்மாரை ஒதுக்கிவிட்டு சொத்து முழுவதையும் வேறு ஆட்களுக்கு எழுதினால், எழுதியது செல்லும், ஆனால் அறிஞர்கள் அவனைப் பற்றித் திருப்திப்பட மாட்டார்கள் என்கிறது மிஷ்னா. இதனால் இன்றும் சமயப் பற்றுள்ள யூதர்கள் அன்பளிப்பாக எழுதும்போது, வேதச் சட்டப்படி வாரிசுகளுக்குப் போகவென்று ஒரு தொகையைத் தொடாமல் விட்டுவைக்கிறார்கள்.

நம் வீடு ஹிபாவா?

இனி நம் வளவுக்கு வருவோம். உயிரோடு இருக்கும்போது வாப்பாவோ உம்மாவோ மகளுக்கு வீடு கொடுப்பது மார்க்கத்தில் ஹிபா, அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கு அல்ல. பராஇழ் என்பது மௌத்தின்போது கையில் இருப்பதற்கு மட்டும்தான். ஆகவே அந்தப் பிள்ளையின் கேள்விக்கு முதல் பதில்: இந்தக் கணக்கு மிஞ்சியதற்கு. கொடுத்தது உண்மையான ஹிபாவாக இருந்தால் யாரும் குர்ஆனை மீறவில்லை.

இரண்டாவது பதில் கொஞ்சம் கசக்கும். நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களுக்கு அவருடைய தகப்பன் ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். உம்முடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்து, பிள்ளைகளுக்கிடையில் நீதமாக நடக்கும்படி சொன்னார்கள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுப்பது ஸுன்னத். காரணமில்லாமல் கூட்டிக் குறைப்பது வெறுக்கத்தக்கது. ஹன்பலி மத்ஹபில் நீதமாகக் கொடுப்பது கடமையே.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். எல்லோருக்கும் மூத்தவர் காக்கா. எனக்கும் தங்கச்சிக்கும் வீடு எழும்பியது அவர் கட்டாரில் ஒன்பது வருடம் உழைத்த காசில். வாவிக்கரையில் இப்படி ஒரு காக்கா இல்லாத தெரு குறைவு. அவர் மணமுடித்தது இன்னொரு பெண்ணின் வீட்டில். அந்த வீடு அவருடையதல்ல. அவர் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. “எனக்கும் மூணு பொம்புளப் புள்ளைகள்” என்று மட்டும் ஒருநாள் சொன்னார். அதாவது, அவரும் இனி மூன்று வீடு கட்ட வேண்டும். இதை நீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல என்னால் முடியாது. வாப்பா வயலைப் பிரிக்கும்போது, பராஇழுக்கு விடாமல் உயிரோடு இருக்கும்போதே கூடுதல் காணியைக் காக்காவுக்கு எழுதினார். நாங்கள் மூவரும் அதற்கு மனம் பொருந்தி உடன்பட்டோம். கைக்கூலியும் மாப்பிள்ளை வீட்டாரின் நிர்ப்பந்தமும் சேர்ந்து வரும் இடத்தில் அதை ஹிபா என்று சொல்வது எனக்குக் கஷ்டமாகவே இருக்கிறது. அன்பளிப்பு மனமுவந்து கொடுப்பது. கேட்டு வாங்குவதற்கு வேறு பெயர்.

ஆனால் வீடு பெண்ணின் பெயரில் இருப்பதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வீடு மனைவியின் பெயரில் இருந்த இடத்தில், கணவனின் மரணம் பிள்ளைகளின் தலைக்கு மேல் இருந்த கூரையைத் தொடவில்லை. இத்தாவில் இருந்தவளிடம் யாரும் பங்கு கேட்டு வர வேண்டியிருக்கவில்லை.

உறுதியில் எழுத வேண்டியது

பெற்றோர்களே, இனி வருவது உங்களுக்கு. முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கும் நன்கொடைக்கும் நம் நாட்டில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மரணசாசனம் இல்லாமல் இறப்பவரின் சொத்து, அவர் பின்பற்றிய பிரிவின் முஸ்லிம் சட்டப்படி பிரியும். நன்கொடையைப் பொறுத்தவரை இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதியிருந்தாலொழிய அந்த நன்கொடை மீளப்பெற முடியாததாகக் கொள்ளப்படாது. மற்றது, உறுதியைப் பிள்ளையின் கையில் கொடுப்பதே சொத்தைக் கையளித்ததற்கான சான்றாக ஏற்கப்படும். அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு “உனக்குத்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தால் பிறகு வழக்குத்தான்.

பலர் தவறவிடுவது ஆயுட்கால அனுபவ உரிமையை. தாய் தன் உயிருள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை ஒதுக்கிவைத்துக்கொண்டு மகளுக்கு எழுதலாம். அப்படி ஒதுக்கி எழுதும் உறுதியை நாட்டின் பொதுச் சட்டம் ஆளும் என்று அதே கட்டளைச் சட்டம் சொல்கிறது. மிஷ்னாவின் “இன்றிலிருந்தும், மரணத்துக்குப் பின்னும்” என்பதும் கருத்தில் இதுதான். மாப்பிள்ளை வீட்டார் ‘சுத்த உறுதி’ வேண்டும் என்று நிற்பது உண்டு. தங்கச்சியின் கலியாணத்தில் அப்படித்தான் நின்றார்கள். நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றிவிட்டு உம்மாவைப் பார்த்து, “அப்ப நீங்க எங்க தாத்தா இருப்பீங்க?” என்று கேட்டார். உம்மா வாப்பாவைப் பார்த்தார். ஆயுட்கால உரிமை இரண்டு பேருக்கும் எழுதப்பட்டது, கலியாணமும் நடந்தது.

அது எவ்வளவு பெரிய வரி என்பதை ஒரு கணக்கால் பாருங்கள். தாய் எதையும் ஒதுக்காமல் வீட்டை மகளுக்கு எழுதிவிட்டார். வாப்பா மௌத்து. பிள்ளை பெறாமலே மகளும் மௌத்தாகிவிட்டாள். அவளுக்கு இரண்டு சகோதரர்கள். இப்போது வீடு மகளின் சொத்து, அதனால் அவளுடைய பராஇழ் ஓடும். கணவனுக்குப் பாதி. தாய்க்கு ஆறிலொன்று. மிச்சம் மூன்றிலொன்று சகோதரர்களுக்கு. தான் பிறந்து வளர்ந்த வீட்டில் அந்தத் தாய்க்கு ஓர் அறைகூட வராது. நடுக்கால யூதர்களுக்கும் இதே நோவு வந்தது. அவர்கள் சட்டத்தில் கணவனுக்கு முழுவதும் போய்விடுமல்லவா. ரைன் நதிக்கரையின் ஸ்பெயர், வோர்ம்ஸ், மைன்ஸ் நகரத்து ரப்பிமார் 13ஆம் நூற்றாண்டில் ஒரு ஊர்க்கட்டு வைத்தார்கள்: பிள்ளையில்லாமல் முதல் வருடத்தில் மனைவி இறந்தால் சீதனம் முழுவதும் பெற்றோருக்குத் திரும்ப வேண்டும், இரண்டாம் வருடத்தில் இறந்தால் பாதி.

மரணசாசனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மார்க்கத்தில் வஸிய்யத் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. வாரிசுக்கு வஸிய்யத் இல்லை, மற்ற வாரிசுகள் சம்மதித்தாலே தவிர. நாட்டின் 1844ஆம் ஆண்டின் மரணசாசனக் கட்டளைச் சட்டமோ இந்த வரம்பை வைக்கவில்லை. விரும்பியவருக்கு விரும்பிய அளவு எழுதலாம். வரம்பைக் காப்பது எழுதுபவரின் ஈமானிடம் விடப்பட்டிருக்கிறது. எழுதுவதானால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள், ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, கடற்கரை ஓரத்துக் குடும்பங்களுக்கு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வளவுகளை அள்ளிக்கொண்டு போன பிறகு மாற்று வீடுகள் கிடைத்தன. பத்திரங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டம் இருந்தது. அதில் பெரும்பாலும் கணவனின் பெயர் விழுந்தது. உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வளவுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு, ஒரு கையெழுத்தில் கணவனின் சொத்தாகிவிட்டது. நாளை அவர் மௌத்தானால் பிள்ளைகளுள்ள அந்த மனைவிக்கு அதில் எட்டிலொன்றுதான். இதைப் பராஇழின் குறை என்று யாரும் சொல்ல வேண்டாம். பிழை அந்தக் கட்டத்தில் இருக்கிறது. கணவர்மார் உயிரோடு இருக்கும்போதே அந்த வீட்டை மனைவிக்கு ஹிபாவாக எழுதித் திருப்பிக் கொடுக்கலாம். சொந்த உறுதிக் காணியானால் நொத்தாரிசிடம் போனால் போதும். அரச அனுமதிப்பத்திரக் காணியானால், கைமாற்றுவதற்கு முதலில் பிரதேச செயலகத்தின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதற்குப் பின்னுரிமையாளராக யாருடைய பெயர் பதிந்திருக்கிறது என்பதையும் அதே செயலகத்தில் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காணி மரணசாசனத்தாலோ பராஇழாலோ பிரிவதில்லை.